இரண்டு மரங்கொத்திகள்

அன்புள்ள சகோதரிக்கு,

பேர்கனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் பள்ளி நூலகத்திலிருந்து கிரேக்க புராணக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்ததையும், அரக்னே சிலந்தியான கதையை வாசித்துவிட்டு அன்றிரவு நித்திரை கொள்ளாமல் புரண்டதையும் எழுதியிருந்தீர்கள். "நல்லா நெய்தது ஒரு குற்றமா அம்மா?" என்று அவள் கேட்டபோது உங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்படியான சாபக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா, எங்கள் கதைகளிலும் இதே கோபம்தானே இருக்கிறது என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பெயரை விட்டுவிட்டுக் கடிதத்தைப் பிரசுரிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் பலருக்கும் உள்ள கேள்வி என்பதால் எல்லோரும் வாசிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தக் கதையை எழுதிவைத்த ரோமானியக் கவிஞர் ஓவிட்டுக்கும் அதே கேள்வி இருந்திருக்க வேண்டும். அவர் சொல்லும்படி பார்த்தால், அரக்னே நெய்த துணியில் மினர்வா தேவியால் ஒரு பிழையும் காண முடியவில்லை. தேவர்கள் காளையாகவும் அன்னமாகவும் உருமாறி வந்து பெண்களை ஏமாற்றிய காட்சிகள்தான் அந்தத் துணி முழுவதும். தேவி அதைக் கிழித்தெறிகிறாள். கையிலிருந்த நெசவு நாடாவால் அந்தப் பெண்ணின் நெற்றியில் அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் அரக்னே கயிற்றில் தொங்க, அதற்குப் பிறகுதான் சிலந்தியாக்குகிறாள். அரக்னேயிடம் கர்வம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதையைக் கவனமாக வாசிக்கும் எவருக்கும் அவள் தண்டிக்கப்பட்டது கர்வத்துக்காகவா, அந்தத் துணியில் இருந்த உண்மைக்காகவா என்ற சந்தேகம் வராமல் போகாது. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது. நல்லது.

ஆனால் தெய்வம் கோபித்து மனிதரை வேறொன்றாக்கும் கதைகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அவற்றுக்குள் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டு மரங்கொத்திகளை வைத்து அதை உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். ஒன்று நாங்கள் குடியிருக்கும் இந்த நாட்டுப் பறவை. மற்றது ஓவிட்டின் பறவை.

நோர்வேக் கதையில் வரும் பெண்ணின் பெயர் யெர்த்ரூட். ஆண்டவரும் பேதுருவும் பூமியில் வழிப்போக்கர்களாக நடந்து திரிந்த காலம். பசியோடு ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். உள்ளே யெர்த்ரூட் தலையில் சிவப்புத் தொப்பியோடு லெஃப்சே சுட்டுக்கொண்டிருக்கிறாள். லெஃப்சே உங்களுக்குத் தெரியும், எங்கள் றொட்டியைவிடப் பெரிதாக, மெல்லிசாகத் தேய்த்து இரும்புக் கல்லில் போட்டெடுப்பது. ஒன்று தரமுடியுமா என்று ஆண்டவர் கேட்கிறார். சரி என்கிறாள். சின்னஞ்சிறு மா உருண்டையை எடுத்துத் தேய்க்கிறாள். அது விரிந்து கல் முழுவதையும் மூடிவிடுகிறது. இது அவர்களுக்குப் பெரிது, கொடுக்க முடியாது என்று எடுத்து வைத்துவிட்டு, இன்னும் சிறிய உருண்டையாகப் பார்த்து எடுக்கிறாள். அதுவும் கல்லை மூடுகிறது. மூன்றாவது தடவை அதைவிடவும் சிறியது. அப்போதும் அப்படியே. "உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை, போய்விடுங்கள்" என்கிறாள். ஆண்டவருக்குக் கோபம் வருகிறது. நீ பறவையாகி, மரப்பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இரை தேடுவாய், மழை பெய்யும்போது மட்டுமே குடிப்பாய் என்கிறார். அந்தக் கணமே அவள் பறவையாகிப் புகைபோக்கி வழியாக வெளியே பறக்கிறாள். புகைக்கரி படிந்து உடம்பெல்லாம் கறுப்பு. தலையில் அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும் மிச்சம். இன்றைக்கும் தீராத தாகத்தோடு மழையைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

அவ்வளவுதான் கதை, ஒரு பக்கம்கூட வராது. அஸ்பியோர்ன்சன், மூ என்ற இருவர் 1841 முதல் வெளியிட்ட நோர்வே நாட்டார் கதைத் தொகுப்பில் இருக்கிறது. பேத்தர் கிறிஸ்தன் அஸ்பியோர்ன்சன் 1812இல் இங்கே, கிறிஸ்தியானியா என்று அப்போது பெயர் பெற்றிருந்த இந்த ஒஸ்லோவில், கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கதை சேகரித்தவர் என்றுதான் அவரைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் விலங்கியலாளர், பின்னாளில் அரசாங்க வன அதிகாரி. உங்கள் பக்கத்து ஹார்டாங்கர் ஃபியோர்டில் 1853இல் ஆழ்கடல் நட்சத்திர மீன் ஒன்றைக் கண்டெடுத்து, ஃப்ரேயா தேவியின் கழுத்தணிப் பெயரிலிருந்து அதற்கு 'பிரிசிங்கா' என்று பெயரிட்டவரும் அவர்தான். சங்ட்ஹான்ஸ்ஹவ்கன் பூங்காவில் பிரின்யுல்ஃப் பெர்க்ஸ்லியன் செய்த அவரது சிலை நிற்கிறது. ஒஸ்லோ வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

யெர்த்ரூட் பறவை என்பது கரு மரங்கொத்தி. நோர்வே மொழியில் ஸ்வார்ட்ஸ்பெத். ஐரோப்பாவின் மரங்கொத்திகளில் பெரியது இதுதான், ஏறக்குறைய காகத்தின் பருமன். குரூருட் பள்ளத்தாக்கில் எங்கள் சனங்கள் நெருக்கமாக வாழும் தொடர்மாடிகளுக்குப் பின்னால் லில்லோமார்க்கா காடு தொடங்குகிறது, அங்கே இதைக் காணலாம். பனிக்காலத்திலும் நாட்டைவிட்டுப் போகாது. ஸ்ப்ரூஸ் மரத்தின் அடிப்பகுதியை நீள்சதுரமாகக் குடைந்து, உள்ளே உறங்கும் பெரிய கறுப்பெறும்புகளைத் தின்னும். வெண்பனியின் மேல் விரல் நீளச் சிராய்கள் கொட்டிக்கிடந்தால் பறவை அந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நெற்றியிலிருந்து பிடரிவரை முழுத் தொப்பி போட்டிருப்பது ஆண் பறவை. பெண் பறவைக்குப் பிடரியில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும்தான். கதை கட்டியவர்கள் முழுத் தொப்பியைப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டார்கள்.

இந்தச் சாபத்தில் என்னை உலுக்கியது அதன் இடம். மரப்பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே. ஏன் அந்த இடம்? மரங்கொத்தி அங்கேதான் இரை தேடும் என்பது முதல் பதில். இந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் இன்னொரு பதில் கிடைக்கிறது. 1807இலிருந்து 1814வரை இந்த நாட்டுக்கு நெப்போலியன் போர்க்காலம். டென்மார்க்கிலிருந்து தானியம் கொண்டுவந்த கப்பல்களைப் பிரித்தானியக் கடற்படை மறித்தது. 1812இல் விளைச்சலும் கைவிட்டது. அப்போது நோர்வேக் குடியானவர்கள் காட்டுக்குள் போய்ப் பைன், எல்ம் மரங்களின் பட்டையைக் கீறி, வெளிப்பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய உள்பட்டையை உரித்து, காயவைத்து, இடித்து, இருந்த கொஞ்ச மாவில் கலந்து றொட்டி சுட்டார்கள். பார்க்கப்ரோ, பட்டை றொட்டி. அந்தப் பஞ்ச வருடத்தில்தான் அஸ்பியோர்ன்சன் பிறந்தார். அவருக்கும் முன்னே, பஞ்சம் வந்த ஒவ்வொரு தலைமுறையும் அந்த றொட்டியைத் தின்றிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு கதையைத் திரும்ப வாசியுங்கள். பசித்தவனுக்கு றொட்டி கொடுக்க மறுத்தவளை ஆண்டவர் கொல்லவில்லை, நரகத்துக்கும் அனுப்பவில்லை. பசித்தவர்கள் எங்கே போய் உணவு தேடினார்களோ அந்த இடத்துக்கு அனுப்புகிறார். இது என்னுடைய வாசிப்பு. எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதவில்லை. ஆனால் பட்டை றொட்டி தின்ற சனங்கள் அடுப்படியில் இருந்து இந்தக் கதையைச் சொன்னபோது அந்த வரியைக் கேட்டவர்களுக்கு வேறென்ன ஞாபகம் வந்திருக்கும்?

யெர்த்ரூட்டுக்காகவும் பேச வேண்டும். கிராமத்து வீடுகளில் வருடத்தில் ஓரிரு தடவைதான் பெரிய அளவில் றொட்டி சுட்டு, களஞ்சியத்தில் அடுக்கி, மாதக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். ஒரு குடும்பம் குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது அந்தப் பெண்ணின் கைக்கணக்கில் இருந்தது. அவள் இறுக்கிப் பிடித்ததில் நியாயமே இல்லை என்று சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். அஸ்பியோர்ன்சனே 1864இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். கஞ்சி காய்ச்சி முடிக்கும்போது மேலே பச்சை மாவைக் கலக்கும் பெண்கள் மாவை வீணாக்குகிறார்கள் என்று அதில் கண்டித்தார். ஏழைகளின் வாழ்க்கையை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்த ஐலர்ட் சுன்ட் அந்தப் பெண்களுக்காக எழுந்து நின்று பதில் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அடுப்பில் நிற்பவளுக்குத் தன் வேலை தெரியும் என்பது அவர் வாதம். 'கஞ்சிச் சண்டை' என்று இந்த நாட்டு வரலாற்றில் பெயர் பெற்ற விவாதம் அது. நான் சுன்ட் பக்கம். பெண்ணின் அடுப்படிக்குள் வந்து பாடம் நடத்தும் ஆண்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும்.

ஆனாலும் யெர்த்ரூட்டுக்கு அந்தச் சாட்டு உதவாது. கதை அதை முன்கூட்டியே யோசித்து வாசலை அடைத்திருக்கிறது. அவளுடைய மா குறையவில்லை, பெருகுகிறது. சிறிய உருண்டை எடுக்க எடுக்கப் பெரிய றொட்டி விளைகிறது. இல்லாமையால் மறுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே அந்த அற்புதம் மூன்று தடவை நடக்கிறது. கண்முன்னே பெருகியதைக் கண்டபின் அவள் கை இன்னும் சுருங்குகிறது. தண்டனை அந்தச் சுருங்கலுக்குத்தான். அதோடு, பனி விழும் நாட்டில் ஒரு கதவு மூடினால் வெளியே நிற்பவன் விடியும்போது உயிரோடு இருக்கமாட்டான். கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வமான ஓடினின் வாய்மொழியாக வரும் 'ஹாவமால்' என்ற பழம்பாடல்கூடத் தொடக்கத்திலேயே விருந்தாளிக்கு நெருப்பும் உணவும் நீரும் வேண்டும் என்றுதான் பேசுகிறது. கிறிஸ்தவம் வந்தபின் வாசலில் நிற்கும் வழிப்போக்கனின் பெயர் மாறியது, நியதி மாறவில்லை.

கிரேக்கரிடமும் இந்த இனத்துக் கதை உண்டு. கைக்குழந்தைகள் இரண்டோடு தாகத்தால் வாடிவந்த லேட்டோ தேவி லிசியா நாட்டில் ஒரு குளத்தில் நீர் குடிக்கக் குனிந்தபோது, அங்கிருந்த குடியானவர்கள் தடுத்தார்கள். கெஞ்சியும் விடவில்லை. குளத்துக்குள் குதித்துச் சேற்றைக் கலக்கினார்கள். அந்தச் சேற்றிலேயே தவளைகளாகக் கிடந்து கத்தும்படி ஆனார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

இனி மற்ற மரங்கொத்தி. லாத்தியம் நாட்டு அரசன் பிக்குஸ். வேட்டைக்குப் போன இடத்தில் சர்சி தேவி அவனைக் கண்டு ஆசைப்படுகிறாள். அவன் தன் மனைவி கானென்ஸ்மேல் உயிரையே வைத்திருப்பவன், மறுக்கிறான். மந்திரம் சொல்லி அவனை மரங்கொத்தியாக்கிவிடுகிறாள். அவன் அணிந்திருந்த செவ்வூதாப் போர்வை இறகின் நிறமாகிறது. போர்வையைக் கோத்திருந்த தங்க ஊசி கழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையமாகிறது. ஆத்திரத்தில் அவன் அலகால் மரங்களைக் கொத்துகிறான். கானென்ஸ் ஆறு நாள் இரவும் பகலும் உண்ணாமல் உறங்காமல் தேடித்திரிந்து, தைபர் நதிக்கரையில் பாடிப்பாடியே கரைந்துபோகிறாள்.

யெர்த்ரூட்டின் தலையில் தொப்பி, பிக்குஸின் கழுத்தில் ஊசி. இருவரிடமும் மனித வாழ்க்கையின் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. ஆனால் ஒருத்தி பசித்தவனை விரட்டியவள். மற்றவன் மனைவிக்கு உண்மையாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். கிரேக்க ரோமப் புராணங்களில் பிக்குஸின் இனமே அதிகம். வழி தவறிப்போய், ஆர்ட்டெமிஸ் குளிப்பதைத் தெரியாமல் பார்த்துவிட்ட அக்டையோன் மானாகித் தன் நாய்களாலேயே குதறப்பட்டான். அவனுடைய கெட்ட காலமே தவிரக் குற்றம் இல்லை என்று ஓவிட் வெளிப்படையாகவே சொல்கிறார். அந்த ஓவிட்டைத்தான் கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசர் கருங்கடல் கரையிலுள்ள தோமிஸுக்கு நாடுகடத்தினார். அங்கேயே செத்துப்போனார். அதிகாரத்தில் இருப்பவரின் கோபம் ஒரு மனிதனை ஒரே நாளில் எப்படி வேறொன்றாக்கிவிடும் என்று தன் கதைகளுக்குப் பிறகு தன் உடம்பிலும் அறிந்தவர். நாடுவிட்டு வந்த எங்களுக்கு அவரை விளங்கிக்கொள்ள உரை தேவையில்லை.

இவர்களில் கலிஸ்டோவைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்கிறேன். ஆர்ட்டெமிஸின் தோழியான அந்த இளம்பெண்ணை சியூஸ் வேடமிட்டு வந்து கெடுத்தான். தண்டனை அவளுக்குத்தான். சியூஸின் மனைவி ஹேரா அவளைக் கரடியாக்கினாள். பிறகு அவள் நட்சத்திரக் கூட்டமாக வானத்துக்குப் போனபோதும் ஹேராவின் ஆத்திரம் அடங்கவில்லை. இவள் கடலில் இறங்கிக் குளிக்கவே கூடாது என்று கடல் தெய்வங்களிடம் வரம் வாங்கினாள். அதனால்தான் பெருங்கரடி அடிவானத்துக்குக் கீழே போவதில்லையாம். ஒஸ்லோ வடக்கே ஏறத்தாழ 60ஆம் பாகையில் இருக்கிறது. இங்கே அந்தச் சாபம் அப்படியே பலிக்கிறது. எந்த இரவிலும், எந்த மாதத்திலும் அந்த ஏழு நட்சத்திரங்கள் மறைவதில்லை. எங்களுக்கு அவை சப்தரிஷி மண்டலம். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அவை உதிக்கும், மறையும். வடமராட்சிக் கரையில் நின்றால் வடக்குக் கடலுக்குள் இறங்குவதைக் காணலாம். ஹேராவின் சாபம் எங்கள் ஊர்க் கடல்வரை வந்து சேரவில்லை. அதே ஏழில் ஒன்றான வசிட்டரின் அருகில்தான் அருந்ததி இருக்கிறாள். கல்யாண வீட்டில் ஐயர் மணப்பெண்ணுக்குக் காட்டச் சொல்லும் அருந்ததி. கெடுக்கப்பட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணை ஒரு சமூகம் எங்கே வைத்ததோ, அங்கேதான் இன்னொரு சமூகம் கற்பின் அடையாளத்தை வைத்திருக்கிறது. அடுத்த தடவை ஒரு கல்யாண மண்டபத்தில் அருந்ததி பார்க்கும் நேரம் வரும்போது கலிஸ்டோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைக்கிறேன்.

எங்கள் கதைகளில் இந்தக் கோபம் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இந்திரன் செய்த வஞ்சகத்துக்கு அகலிகை கல்லானாள். கம்பனில் இராமனின் கால்தூசு பட்டு எழுந்தாள். புதுமைப்பித்தன் அதோடு விட்டுவிடவில்லை. 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' கதையில், சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். உங்கள் மகள் அரக்னேக்காகக் கேட்டதைத்தான் அவர் அகலிகைக்காகக் கேட்டார். தமிழில் அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

யெர்த்ரூட்டுக்கு நேரெதிரான ஒருவரும் எங்களிடம் இருக்கிறார். பெரியபுராணத்து இளையான்குடி மாறனார். மழை கொட்டும் இரவில் சிவனடியார் ஒருவர் வாசலில் நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகல் விதைத்து மழைநீரில் மிதந்த முளைநெல்லை வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை, கூரை வரிச்சை அறுத்துப்போடுகிறார். மனைவி அந்த நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்குகிறாள். அடுத்த போகத்தையே விருந்தாளிக்குச் சமைத்துப் போட்ட வீடு அது. இந்த இரண்டு கதைகளையும் ஒரே இரவில் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் கடவுள் பசியோடுதான் வருகிறார்.

உங்கள் மகள் சூரன்போர் பார்த்திருப்பாள். இங்கே அம்மெரூட் சிவசுப்பிரமணியர் ஆலயத்திற்குக் கந்தசஷ்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதை நல்ல பாடம். சூரனுக்குத் தலை மாற்றித் தலை மாற்றி வைத்து, கடைசியில் மாமரமாக நிறுத்தி, வேல் பட்டுப் பிளந்ததும் ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். எதிரியைத் தூர எறியாமல் ஏறிப் போகும் வாகனமாகவும் பிடித்த கொடியாகவும் முருகன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான். உருமாற்றம் என்பது விரட்டுவதாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யெர்த்ரூட்டைப் பற்றிக் கதையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரு மரங்கொத்தி ஆஸ்பென், பைன் மரங்களின் உயரத்தில் பெரிய பொந்துகளைக் குடையும். அடிக்கடி புதுப் பொந்துகள் குடைவதால் பழையவை காலியாகும். தானாகப் பொந்து குடையத் தெரியாத சிறிய ஆந்தைகள், காட்டுப் புறாக்கள், மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து இனம் ஒன்று, எல்லாம் அவற்றில் குடியேறுகின்றன. முதிர்ந்த மரங்களை ஒட்ட வெட்டிய காடுகளில் இந்தப் பறவை குறைந்தால் அவற்றின் வீடும் குறைகிறது. ஒரு லெஃப்சே கொடுக்க மனம் வராதவளின் வம்சம் நோர்வேக் காட்டில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கதையைச் சொன்ன பாட்டிகள் இதையும் சேர்த்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

ஆகவே புத்தகத்தை ஒளித்துவைக்காதீர்கள். யெர்த்ரூட்டையும் லிசியாத் தவளைகளையும் சொல்லும்போது, எத்தனை தடவை கேட்டார்கள், எத்தனை தடவை மறுத்தார்கள் என்று அவளையே எண்ணவிடுங்கள். பிக்குஸையும் கலிஸ்டோவையும் சொல்லும்போது தெய்வத்துக்காகச் சமாதானம் சொல்ல முயலவேண்டாம். அது அநியாயம் என்று அவள் சொன்னால், ஆமாம் என்று சொல்லுங்கள். கலிஸ்டோவைச் சொல்ல இன்னும் இரண்டு மூன்று வயது போகட்டும். அரக்னேயைத்தான் ஏற்கெனவே வாசித்துவிட்டாள். அந்தத் துணியில் என்ன படங்கள் இருந்தன என்பதைச் சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அதை நீங்கள் அவளுக்கேற்றபடி சொல்லிக்கொடுங்கள். கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து